எங்க பெட்டி

ஒரு மனிதனிடம் ஐந்து ஜோடிச் செருப்பு இருக்கலாம். காசு உள்ளவன், ஆசைப்பட்டவன் வாங்கி அடுக்குவான், யார் கேட்பது? ஆனால் ஆறாம் நம்பரிலிருந்து பத்தாம் நம்பர் வரை ஐந்து அளவில் இருக்க முடியாது. கால் என்ன, நிலா மாதிரி வளர்ந்து தேய்கிறதா?

செண்பகவல்லிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தூத்துக்குடியில் தென்கடல் ரோந்துப் படையின் உடைமை இழப்பீட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். கப்பலோடு போன பொருள்களுக்குப் பட்டியல் எழுதும்போது மனிதர்களுக்குக் கை கொஞ்சம் தாராளமாகிவிடும். ஒரு சமையல்காரர் தன் பெட்டிக்குள் தையல் மெஷின் இருந்ததாகவே எழுதியிருக்கிறார். அதையெல்லாம் அவள் கண்டும் காணாமலும் விட்டுவிடுவாள். உயிரோடு திரும்பி வந்த ஆள் இரண்டு சட்டை கூடுதலாக எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும்.

ஆனால் இந்தப் பட்டியல் வேறு மாதிரி இருந்தது. ரோந்துக் கப்பல் 'உள்ளான்' மூன்று வாரத்துக்கு முன்னால் மூழ்கியது. அறுபத்தாறு பேரில் நான்கு பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் ஒருவரான செலஸ்டின், பெரியதாழைக்காரர், ஒரே ஒரு பெட்டிக்கு இழப்பீடு கேட்டிருந்தார். அந்தப் பெட்டிக்குள் ஐந்து செருப்பு, ஐந்து சவர செட்டு, மூன்று ஜெபமாலை, இரண்டு மூக்குக்கண்ணாடி, எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில். இரண்டு மூக்குக்கண்ணாடிக்கும் பவர் வேறு வேறு. பொய் எழுதுகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டானே என்று அவளுக்குத் தோன்றியது. நேரில் வரச்சொன்னாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு அவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, செருப்புக் கடை ஏதும் வச்சிருந்தீங்களா கப்பல்ல?" என்றாள் செண்பகவல்லி. பேச்சு சுமுகமாகட்டும் என்றுதான் கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "அது ஒரு ஆளுக்குள்ளது இல்ல மேடம். அஞ்சு பேருக்குள்ளது. ஆறு நம்பர் இன்னாசிக்கு. அவனுக்குக் காலு சின்னது. ஏழு எனக்கு. எட்டு ரெஜிசுக்கு, ஒன்பது கஸ்பாருக்கு, பத்து தொம்மைக்கு."

தன் பெயரைத் தவிர அவர் சொன்ன நான்கு பெயரும் வேறொரு கோப்பில் இருப்பதை அவள் அறிவாள். அந்தக் கோப்பின் மேல் கறுப்புக் கோடு போட்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அஞ்சு பேரும் ஒரே பெட்டியா?"

"நாங்க ஒரே ஊரு மேடம். ஊர்ல கடலுக்கு ஒரே வள்ளத்துல போறவனுவ சோத்துச் சட்டி, துணி, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத்தான் கொண்டு போவோம். தனித்தனியாக் கட்டிட்டுப் போனா, என்னடா பாகம் பிரிச்சுட்டியளான்னு கேப்பானுவ. அதே பழக்கம்தான். ஏழாம் ரூம்புல அஞ்சு பேரும் கிடந்தோம். என் பெட்டி பெருசு. அதுலயே எல்லாத்தையும் போட்டாச்சு. அவங்க வீட்டுல எழுதிக் கேக்க ஆளு இல்ல. அதான் நானே எல்லாத்தையும் எழுதினேன். வாங்கி நாலு வீட்டுக்கும் பிரிச்சுக் குடுத்துருவேன். தப்புன்னா அடிச்சுருங்க."

"தப்பில்லண்ணே," என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு ஒன்று உறைத்தது. ஒரு பெட்டி. ஐந்து பேர்.

அவள் கப்பலின் பதிவைத் திரையில் திறந்தாள்.

ரோந்துக் கப்பல்களில் நீர்க்கதவுகளைத் திறப்பதும் சாத்துவதும் கப்பலின் கணினிதான். மாலுமிகள் அதை 'மேஸ்திரி' என்பார்கள். எங்கே ஓட்டை விழுந்தாலும் மேஸ்திரி ஒரு நொடியில் கணக்குப் போடும். அறைக்குள் ஆளிருந்தால் கதவை நாற்பது நொடி திறந்துவைக்கும், ஆளில்லாவிட்டால், தண்ணீர் மற்ற இடங்களுக்குப் பரவாதபடி உடனே சாத்தும். சரி, உள்ளே ஆளிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? அங்கேதான் சிக்கல். வேலை செய்யும் இடமெல்லாம் கேமரா உண்டு. படுக்கும் அறைகளிலும் அங்கே போகும் வழியிலும் கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மாலுமிகள் போராடி வாங்கிய உரிமை அது. தூங்கும் இடத்தில் எங்களைப் பார்க்காதே என்றார்கள், நியாயம்தான். அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏறும்போது ஒரு பதிவுக் கருவி, யாருடைய பெட்டி என்று கேட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மின்னணுச் சீல் வைக்கும். பெட்டி எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறையில்தான் அதன் சொந்தக்காரர் படுப்பார். மனிதனைப் பார்க்காமலே அவன் பெட்டியை வைத்து மனிதனை எண்ணிக்கொள்ளலாம்.

அந்தச் சீல் இழப்பீட்டுக்கு மட்டும்தான் என்று மாலுமிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை.

பதிவு இப்படி இருந்தது. காலை பதினொன்று ஏழு. மிதந்து வந்த கன்டெய்னர் ஒன்று மோதி இடது பக்கம் கிழிந்தது. ஏழாம் அறை: பெட்டி ஒன்று, ஆள் ஒருவர், பெயர் செலஸ்டின். செலஸ்டின் இருக்குமிடம்: மேல்தளம், கேமராவில் தெரிகிறார். ஆகவே ஏழாம் அறை காலி. கதவு சாத்தப்பட்டது, மூன்று நொடி.

அதற்குக் கீழே இன்னொரு வரி. பெட்டியில்லாத ஆட்கள் நான்கு பேர். பெட்டியில்லாதவர்கள் பொதுக்கூடத்தில் படுப்பது வழக்கம். கூடத்தின் கதவு நாற்பது நொடி திறந்துவைக்கப்பட்டது.

கூடத்தில் ஒருவரும் இல்லை.

"என்ன மேடம், மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?" என்றார் செலஸ்டின்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். நாளைக்கு விசாரணைக் குழு சொல்லட்டும் என்று கைகழுவியிருக்கலாம். ஆனால் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பொய் உடனே வாயில் வராது. மென்று விழுங்கி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெட்டி, சீல், எண்ணிக்கை, கதவு.

கடைசியில் அவர் கேட்டார். "தண்ணி முந்திக்கிட்டுன்னுதானே எங்ககிட்ட சொன்னாங்க?"

"கதவு முந்திக்கிட்டுண்ணே."

"அவனுவ ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து தூங்கிட்டுக் கிடந்தானுவ. ஏணிக்குப் பத்து எட்டுதான். நாப்பது நொடி இருந்தா தொம்மை ரெண்டு பேரத் தோள்லயே தூக்கிட்டு வந்துருப்பான்." அவர் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார். "அப்ப நான் மேல நின்னதால, உள்ள யாரும் இல்லன்னு ஆயிட்டு. நானும் உள்ள கிடந்திருந்தா?"

நீங்கள் உள்ளே இருந்திருந்தால் ஐந்து பேரும் பிழைத்திருப்பீர்கள் என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது? அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"நான்தான் கொன்னுருக்கேன்," என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை. "ஒரே பெட்டி போதும்லேன்னு நான்தான் சொன்னேன்."

"இருங்கண்ணே, அவசரப்படாதீங்க. ஏறும்போது பெட்டியப் பதிஞ்சப்ப நீங்க என்ன சொன்னீங்க? அது பதிவாயிருக்கும்."

எதற்காக அதைத் தேடினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் கழுத்தில் விழுந்த கயிற்றை எப்படியாவது தளர்த்த வேண்டும், அவ்வளவுதான். குரல் பதிவு கிடைத்தது. துறைமுக இரைச்சல், ஒரு பறவைச் சத்தம், பிறகு பதிவுக் கருவியின் பெண் குரல்.

"இது யாருடைய பெட்டி?"

"எங்க பெட்டி," என்றது செலஸ்டினின் குரல். பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னாசியாக இருக்கலாம், ரெஜிசாக இருக்கலாம்.

"பதிவு செய்யப்பட்டது. உரிமையாளர் ஒருவர். செலஸ்டின்."

செண்பகவல்லி அதை மறுபடி ஓடவிட்டாள். மூன்றாம் முறையும் ஓடவிட்டாள். கருவிக்குக் காது கேட்டிருக்கிறது. சரியாகத்தான் கேட்டிருக்கிறது. 'எங்க' என்பதை 'என்' என்று ஆக்கியதுதான் வினை. அப்படி ஆக்கச்சொல்லிக் கொடுத்தது அவள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கருவிக்குத் தமிழ்ப் பேச்சு கற்றுக்கொடுக்க அவளை இரண்டு வருடம் அனுப்பியிருந்தார்கள். வந்த புதிதில் அது ஒரு மக்கு. 'எங்க பெட்டி' என்று யாராவது சொன்னால், 'எங்கே பெட்டி' என்று எடுத்துக்கொண்டு, "உங்கள் காலடியில் இருக்கிறது" என்று பதில் சொல்லும். மாலுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதைத் திருத்தினால் அடுத்த கூத்து. 'எங்கள்' என்றால் பலர் என்று அகராதியில் இருக்கிறதல்லவா, அதன்படி எல்லாப் பெட்டிக்கும் பல சொந்தக்காரர்களைப் போட்டது. அறுபது பேர் ஏறிய கப்பலில் நூற்று நாற்பது பேர் என்றது.

அப்போது செண்பகவல்லி ஒரு விதி எழுதினாள். தமிழர்கள் 'எங்க அம்மா' என்பார்கள், 'எங்க வீடு' என்பார்கள். கூடப்பிறந்தவர் யாருமில்லாத ஒற்றைப் பிள்ளைகூட 'எங்க அம்மா' என்றுதான் சொல்லும். 'என் அம்மா' என்றால் என்னவோ போட்டிக்கு நிற்கிற மாதிரி இருக்கும். ஆகவே ஒருவர் 'எங்க' என்று சொன்னால், வேறு பெயர் சொல்லாதவரை, 'என்' என்றே கொள்க. அவ்வளவுதான் விதி. அன்றிலிருந்து கருவி ஒழுங்காக எண்ண ஆரம்பித்தது. இவளுக்குத்தான் தமிழ் தெரியும் என்று எல்லோரும் மெச்சினார்கள். அவளும் பூரித்துப்போனாள். கோவில்பட்டியில் இருந்த தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது.

அவள் செலஸ்டினை இருக்கச்சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் மேலதிகாரி பொன்னுதுரையைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"விதியில தப்பில்லையே செண்பகம்," என்றார் பொன்னுதுரை. "நூத்துல தொண்ணூத்தெட்டு பேர் அப்படித்தானே பேசுறான்?"

"மிச்சம் ரெண்டு பேரு இருக்காங்களே சார். அதுல ஒருத்தர் என் ரூம்ல உக்காந்திருக்காரு. இப்பக் கடல்ல பத்தொன்பது கப்பல் நிக்குது. எல்லாத்துலயும் அதே விதிதான் ஓடுது. எல்லா ஊர்க்காரனும்தான் கூட்டா பெட்டி கட்டுவான். விதியை இப்பவே நிறுத்தணும், சார். ஆளை மறுபடி எண்ணணும்."

"நம்ம ரெண்டு பேர் ஆசைப்பட்டா நிறுத்த முடியாது. கருவி ஒரு ஆள் சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுன்னு நிரூபணம் வேணும். சொன்ன ஆளே, 'நான் பல பேரச் சேத்துத்தான் எங்கன்னு சொன்னேன்'னு பதிவுல சொல்லணும். அப்படிச் சொன்னா ஒரு மணி நேரத்துல நிறுத்திடலாம். தன் பெட்டியத்தான் சொன்னேன்னாருன்னா, கருவி சரியாப் புரிஞ்சுக்கிட்டதுன்னு ஆயிடும். அப்புறம் நாலு பேர் சாமானை மறைச்சு ஏத்தினதா அவர் மேலதான் வரும்." அவர் குரல் தணிந்தது. "பல பேரச் சேத்துத்தான்னு அவர் சொன்னா உன் பேரு வரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவள் உள்ளே வந்து, எதையும் மறைக்காமல், விதி எழுதியது தான்தான் என்பது உட்பட அவரிடம் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்குமென்றுகூட நினைத்தாள்.

"நீங்க சரியாத்தானே மேடம் சொல்லிக்குடுத்திருக்கீங்க," என்றார் செலஸ்டின்.

"இல்லண்ணே. நீங்க அஞ்சு பேரையும் சேத்துச் சொன்னீங்க. அதத்தான் நான்..."

"நான் சேத்துச் சொல்லல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நான் நெனச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தப் பெட்டி என் பொண்டாட்டி கலியாணத்துக்குக் கொண்டுவந்தது. புதுசா பெயின்ட் அடிச்சிருந்தேன். மிஷினு யாரு பெட்டின்னு கேட்ட உடன, எங்க வீட்டுப் பெட்டிங்கிற பெருமையிலதான் சொன்னேன். அவனுவ சாமான் உள்ள கிடந்தது அந்த நேரம் நெனப்புலயே இல்ல. மிஷினு என்னையச் சரியாத்தான் புரிஞ்சிருக்கு மேடம். என் பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு சரியாப் புரியாது."

குற்றத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தயாராக வந்தவளிடம், இதில் உனக்குப் பங்கில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அதைத் தாங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த உண்மையை அப்படியே பதிவு செய்தால் விதி பிழைத்துக்கொள்ளும். பத்தொன்பது கப்பலிலும் மேஸ்திரி பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

மின்விசிறி சுற்றுவதை அவர் சிறிது நேரம் பார்த்தார். "அந்தப் பத்தொன்பது கப்பல்லயும் எங்கூர்க்காரனுவ உண்டும்," என்றார். "பதிவு மிஷினை எடுங்க."

அவள் எடுத்துவைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது யாருடைய பெட்டி என்று கேட்டபோது 'எங்க பெட்டி' என்றீர்கள்," என்றது கருவி. "யாரைக் குறித்துச் சொன்னீர்கள்?"

"அஞ்சு பேரையும் சேத்துத்தான் சொன்னேன்," என்றார் செலஸ்டின். "நான், இன்னாசி, ரெஜிஸ், கஸ்பார், தொம்மை."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற மனிதர் அவர். சாட்சி சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். பொய்யென்று தெரிந்து அவள் போட்ட ஒரே சாட்சிக் கையெழுத்து அதுதான்.

அன்று மாலைக்குள் பத்தொன்பது கப்பலிலும் ஆட்களை நிற்கவைத்து எண்ணினார்கள். காலி என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டிருந்த அறைகளில் நூற்றுப் பன்னிரண்டு பேர் படுப்பது தெரியவந்தது. அந்த எண்ணைப் பார்த்த பொன்னுதுரை தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு வீட்டுக்கும் செருப்பு முதல் ஊறுகாய் வரைக்கும் இழப்பீடு போய்ச் சேர்ந்தது. செண்பகவல்லிக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. விதியைத் திருத்தும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். இனி 'எங்க' என்று யார் சொன்னாலும் கருவி தானாக எதையும் முடிவுசெய்யாது. "எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வி கேட்கும்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. ரோந்துக் கப்பல் ஒன்று ஒன்பது மணிக்குப் புறப்படுகிறது. பெட்டி எண் நாற்பத்தொன்று. சொல்லப்பட்ட ஆட்கள் ஐந்து. ஏறியவர் ஒருவர். பெயர் செலஸ்டின்.

உடனே அவரைப் போனில் பிடித்தாள். பின்னால் காற்றும் எஞ்சின் சத்தமும் கேட்டன.

"மறுபடி கடலுக்கா அண்ணே?"

"வேற என்ன தெரியும் மேடம் எனக்கு."

"பெட்டிக்கு எத்தனை பேர்னு சொன்னீங்க?"

"எத்தனை பேருன்னு மிஷினு கேட்டுச்சு. அஞ்சுன்னு வாயில வந்துட்டு. வேணும்னு சொல்லல. அப்புறம் மாத்தணும்னு மறுபடி கிட்டப் போனேன். முடியல."

"அண்ணே, அந்தக் கப்பல்ல அம்பத்தெட்டு பேர் இருக்காங்க. ஓட்டை விழுந்தா உங்க அறைக்கு மேஸ்திரி நாப்பது நொடி நிக்கும். நீங்க மேல வந்துட்டாலும் நிக்கும். இன்னும் நாலு பேர் வரணும்னு நிக்கும். அந்த நாப்பது நொடியில மத்தவங்களுக்கு..."

"தெரியும் மேடம். ஒண்ணுன்னுதான் இருக்கணும். ஆனா அத நான் சொல்லமாட்டேன். நீங்களே போட்டுருங்க." பிறகு, "விசில் அடிக்காங்க, வாரேன் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மணி எட்டு ஐம்பத்தாறு. அவள் திருத்தப் பக்கத்தைத் திறந்தாள். ஐந்து என்ற எண்ணை அழித்து ஒன்று என்று போட்டாள். கருவி உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் எழுதிய புதிய விதிப்படி, ஆளைக் குறைக்கும்போது ஒருமுறை உறுதி கேட்கும்.

"ஏழாம் அறையிலிருந்து நான்கு பேரை நீக்கலாமா?" என்று கேட்டது.

ஏழாம் அறைதான் வேண்டுமென்று அவர் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். செண்பகவல்லி நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த ஐம்பத்தெட்டுப் பேரை நினைத்துக்கொண்டு, ஆம் என்பதைத் தொட்டாள்.